மங்களம் பாடாத சம்மனசு

செபாஸ்டின் வருஷத்துக்கு ஒரு தடவை சாவான். மிச்ச நாளெல்லாம் உயிரோடு புளி வண்டி ஓட்டுவான்.

கடத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த சவேரியார்பட்டியில், ஈஸ்டர் கழிந்த அடுத்த சனிக்கிழமை பாஸ்கா நாடகம் நடக்கும். யேசுநாதர் பட்ட பாடுகளைப் பொழுது சாய்ந்து தொடங்கி, கிழக்கு வெளுக்கும்போது அவர் கல்லறையிலிருந்து எழுந்து வருவதோடு முடிப்பார்கள். அதில் செபாஸ்டினுக்கு யூதாஸ் வேஷம். யேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கயிறு மாட்டிச் சாகிறவன்.

அந்த வேஷத்துக்கு ஊரில் அடிதடி ஒன்றும் இல்லை. பழைய யூதாஸ் பிழைப்புக்குக் கோலார் போய்விட்ட வருஷம், ஒருத்தன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று நழுவினான். இன்னொருத்தனுக்குப் பல்வலி வந்துவிட்டது. நாடக வாத்தியார் சவுரியப்பன் கடைசியில் செபாஸ்டினின் வண்டியை வழிமறித்தார்.

"மாட்டை அதட்டி அதட்டி உந்தொண்டை தகரமாப் போச்சு. உனக்குப் பாட்டு வராது. யூதாசுக்கு எங்கிட்டப் பாட்டே கெடையாது, வசனந்தான். நீ கட்டு."

கட்டினான். அன்றிலிருந்து மஞ்சள் அங்கியும் மஞ்சள் கச்சையும் கண்ணைச் சுற்றி மையும் அவனுக்கு என்றாகிவிட்டது. தவக்காலம் தொடங்கிவிட்டால் வண்டிக்குப் பின்னால் பொடிசுகள் "யூதாசு, யூதாசு" என்று கத்திக்கொண்டு ஓடிவரும். சந்தையில் புளி நிறுக்கிறவன்கூட, "பாத்துங்க, இவரு முத்தங்குடுத்தா ஆளு காலி" என்பான். செபாஸ்டின் சிரித்துக்கொள்வான். சாதுவான ஆள். மாட்டை அதட்டுகிற சத்தம் ஊருக்கே கேட்கும். மனிதரிடம் பேசுகிற சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது.

நாடகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேஷம் கட்டியவர்கள் கடைசியில் மேடையில் கூடி மங்களம் பாடின பிறகுதான் வேஷத்தை அவிழ்க்க வேண்டும். தீர்ப்புச் சொன்ன பிலாத்து, கேரோது ராஜா, கூடச் சிலுவையில் தொங்கின கள்ளர்கள், சீடர்கள் எல்லாரும் வந்து நின்று பாடுவார்கள். யூதாஸ் மட்டும் வரக்கூடாது. அவன் செத்தவன், அதிலும் அந்தச் சாவு செத்தவன். செபாஸ்டின் திரைக்குப் பின்னால் மஞ்சள் அங்கியோடு, மடியில் தூக்குக்கயிற்றை வைத்துக்கொண்டு, பாட்டு முடிகிறவரை உட்கார்ந்திருப்பான். ஒருத்தன் வெளியே இருந்தால்தானே உள்ளே இருக்கிறவர்களுக்குத் தாங்கள் உள்ளே இருப்பது தெரியும் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொள்வான்.

ஆனால் அவனுடைய ஐந்து வயது மகள் வேளாங்கண்ணிக்கு எந்தச் சமாதானமும் எடுபடவில்லை. தெருவில் அவளுக்குப் பேர் 'யூதாசு மவ'.

அந்த வருஷம் சம்மனசுக்கு ஆள் தேவைப்பட்டது. கல்லறை மேல் நின்று, யேசு எழுந்துவிட்டார் என்று சேதி சொல்கிற வானதூதர் வேஷம் அது. பழைய சம்மனசு வளர்ந்துவிட்டாள். ஒத்திகையில் ஏற்றிப் பார்த்தபோது கல்லறை முனகியது. வாத்தியார் சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து வசனம் சொல்லச் சொன்னார். இரண்டே வரிதான். 'அவர் இங்கே இல்லை. அவர் உயிர்த்தெழுந்தார்.' பலதும் அழுதன, ஒன்று தூங்கியது. வேளாங்கண்ணி கையைத் தூக்கிக் கணீரென்று சொன்னாள்.

"யூதாசு மவளா சம்மனசு?" என்று இரண்டொரு குரல் எழும்பியது.

"எவ சரியாச் சொல்றாளோ அவதான் சம்மனசு. ஒங்க வூட்டுப் பிள்ளைவ மூக்கச் சிந்திட்டு வரட்டும், அப்பறம் பேசலாம்" என்றார் வாத்தியார்.

அப்புறம் வாத்தியார் அவளைத் தனியே கூப்பிட்டுக் கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்.

"செறகு கட்டிட்டா மங்களம் பாடற வரைக்கும் அவுக்கலாமா?"

"கூடாதுங்க வாத்தியாரே."

"அவுத்தா என்னாவும்?"

"நாடகம் முடியாது. யேசு எந்திரிக்க மாட்டாரு."

அவர் வேடிக்கையாகக் கேட்டார். அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

சிறகைச் செபாஸ்டினே கட்டினான். மூங்கிலைச் சீவிப் பிளாச்சாக்கி, தோளிலிருந்து மணிக்கட்டு வரை கையோடு கையாக வரும்படி வைத்து, அதன் கீழே வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, துணி முழுக்கக் கஞ்சிப்பசையில் கோழிச் சிறகு ஒட்டியிருந்தான். முழங்கையில் ஒரு சிவப்பு ரிப்பன், மணிக்கட்டில் ஒரு சிவப்பு ரிப்பன். கையைத் தூக்கினால் சிறகு விரியும்.

விடிகிற நேரம். கோயிலுக்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. சாக்குப்படுதாவில் சாம்பல் பூசிச் செய்த கல்லறை. அதன் மேல் வேளாங்கண்ணி. செபாஸ்டின் செத்து நெடுநேரமாகி, திரையின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி இன்னாசியம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து மகளின் வசனத்துக்கு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

வேளாங்கண்ணி இரண்டு கைகளையும் தூக்கினாள். சிறகு விரிந்தது. கிழக்கு வெளிச்சம் கோழிச் சிறகில் பட்டதும் கூட்டத்தில் ஒரு மூச்சு இழுபட்டது.

"அவர் இங்கே இல்லை!"

அடுத்த வரி வருவதற்குள் காவல் சிப்பாய் மயங்கி விழுந்துவிட்டான். சம்மனசைக் கண்டு சிப்பாய் மயங்கி விழவேண்டும், சரிதான். ஆனால் இரண்டாவது வரிக்குத்தான் விழவேண்டும். சிப்பாய் இன்னாசியம்மாளின் தம்பி சவரி, நல்ல கட்டுமஸ்தான ஆள். அக்கா மகளின் அழகைப் பார்த்துப் பூரித்துப்போய், வரியை மறந்து, கல்லறையை முட்டுக்கொடுத்திருந்த கம்பத்தின் மேலேயே சாய்ந்துவிட்டான். கல்லறை ஒருக்களித்தது. வேளாங்கண்ணி சிறகோடு கீழே வந்தாள்.

உள்ளே காத்திருந்த யேசு, தன் நேரம் வருவதற்கு முன்னாலேயே வெளியே ஓடிவந்தார். திரையைக் கிழித்துக்கொண்டு யூதாஸ் ஓடிவந்தான். இருவரும் ஒரே சமயத்தில் குழந்தையைத் தொட்டார்கள்.

அவள் உடனே அழவில்லை. எழுந்து உட்கார்ந்து இடது கையைத் தூக்கப் பார்த்தாள். அது வரவில்லை. முழங்கைக்கு மேலே இருக்கக்கூடாத இடத்தில் ஒரு வளைவு தெரிந்தது. அப்போதுதான் அலறினாள்.

"சேசுவே!" என்று இன்னாசியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "அவுத்து உடுங்க அந்தச் சனியன் புடிச்ச செறகை!"

செபாஸ்டின் ரிப்பனில் கைவைத்ததும் குழந்தை அலறல் மாறியது. "அவுக்காத! மங்களம் பாடல! அவுக்காதப்பா!" என்று உதைத்தாள். உதைக்க உதைக்கக் கை ஆடியது. அவன் பயந்து கையை எடுத்துவிட்டான். வாத்தியார்கூடத் தயங்கினார். எல்லாரும் பாதி வேஷத்தில், நாடகம் பாதியில் நின்றுகொண்டிருந்தது.

"தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போ. எக்ஸ்ரே அங்கதான் இருக்குது" என்றார் வாத்தியார்.

"ஞாயித்துக்கெழமைங்க. டாக்டர் இருப்பாரா?"

"இருப்பாரு, போ! நின்னு பேசற நேரமா?"

வண்டியில் வைக்கோலைப் பரப்பி இன்னாசியம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். சவரி ஜிகினா ஒட்டிய அட்டைத் தொப்பியோடு, "நானுந்தான் வருவேன் மாமா. என்னாலதான் ஆச்சு" என்று அழுதுகொண்டே ஏறினான். யாரும் வேஷத்தைக் கழற்றவில்லை. அது யாருக்கும் நினைவிலும் இல்லை.

மாட்டை விரட்டத் தெரிந்தவனுக்கு அன்று விரட்ட முடியவில்லை. வேகமாகப் போனால் வண்டி குதித்தது, வண்டி குதித்தால் பிள்ளை கத்தினாள். மெதுவாகப் போனால் முதல் பஸ் போய்விடும். தார் ரோடு இன்னும் இரண்டு வயல் தூரத்தில் இருக்கும்போதே புளியமரங்களுக்கு நடுவே பஸ்ஸின் சத்தம் கேட்டது.

"சவரி, மாட்டைப் புடி. மெதுவாக் கொண்டாந்து சேரு" என்று சொல்லிவிட்டுச் செபாஸ்டின் வண்டியிலிருந்து குதித்தான்.

அறுத்த கேழ்வரகுக் காட்டில் குறுக்கே விழுந்து ஓடினான். மஞ்சள் அங்கி காலைத் தட்டியது. அதைச் சுருட்டித் தொடைக்கு மேலே பிடித்துக்கொண்டான். அறுத்த தாளின் முனை காலைக் கிழித்தது. இடுப்பில் செருகியிருந்த தூக்குக்கயிறு அவிழ்ந்து பின்னால் பாம்பாக இழுபட்டு வந்தது. அதை எடுத்து மேலே சுழற்றிக்கொண்டு, மாட்டை அதட்டுகிற அந்தத் தொண்டையால், "ஓ... ஓஓ... நிறுத்துங்க!" என்று கத்தினான்.

மஞ்சள் அங்கியும் கறுத்த கண்ணும் கையில் கயிறுமாக ஒருத்தன் விடிகாலையில் காட்டிலிருந்து ஓடிவருவதைப் பார்த்த டிரைவர் போட்ட பிரேக்கில், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"யோவ், யாருய்யா நீ? எமனா?" என்றார் கண்டக்டர் ஜன்னல் வழியாக.

"இல்லீங்க, யூதாசுங்க. எம்பொண்ணுக்குக் கை முறிஞ்சுபோச்சுங்க. வண்டி அந்தா வருதுங்க. ஒரு நிமிசம் நில்லுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பஸ் நின்றது. வண்டி வந்து சேர்கிறவரை ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை, எட்டி எட்டிப் பார்த்ததைத் தவிர. முதலில் சிறகு தெரிந்தது, அப்புறம் பிள்ளை, அப்புறம் ஈட்டியோடு ரோமாபுரிச் சிப்பாய். மாட்டை அவிழ்த்துச் சக்கரத்தில் கட்டிவிட்டு ஏறினார்கள்.

"ஈட்டிக்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர். சவரி நிஜமாகவே ஈட்டியை ஜன்னல் வழியாக வீசப்போனான். "வெளாட்டுக்குச் சொன்னேன், உக்காருய்யா. வேற எங்கயும் நிக்காது. அண்ணே, நேரா ஆஸ்பத்திரிக்கு வுடுங்க!"

பஸ் பறந்தது. இறங்கவேண்டியவர்கள்கூட, "நாங்க திரும்பி நடந்துக்கறோம், நீ போப்பா" என்றார்கள். காய்கறிக் கூடையோடு வந்த ஒரு அம்மாள் சிறகுக் குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எந்தக் கோயில் அம்மன் தாயி நீயி?" என்றாள்.

வேளாங்கண்ணி அழுகையை நிறுத்தி, "நான் சம்மனசு" என்று திருத்திவிட்டு மறுபடி அழுதாள்.

செபாஸ்டின் மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தான். ரிப்பன் கட்டிய இடத்துக்குக் கீழே அவை வீங்கி உருண்டுபோய் இருந்தன. தொட்டால் சில்லென்றிருந்தது. மெல்ல முடிச்சைத் தொட்டான். "அவுக்காதப்பா" என்றாள். "கட்டு மாதிரியே இருக்குது மாமா, அப்பிடியே இருக்கட்டும்" என்றான் சவரி. சரியென்று விட்டுவிட்டான்.

டாக்டர் இருந்தார். நடு வயது, தூக்கம் விழித்த கண், வேகமான கை. வார்டில் ஒரு படுக்கையில் கிடத்தியதும் சிறகுத் துணியை விலக்கி முழங்கையைப் பார்த்தார். மணிக்கட்டில் விரல் வைத்தார். விரலை நகர்த்தி மறுபடி வைத்தார். அவர் முகம் மாறியதைச் செபாஸ்டின் பார்த்தான்.

"இந்த மூங்கிலை வச்சது யாரு?"

"நானுங்க. அது செறகுக்குங்க."

"கையை நேரா வச்சிருக்கு, அதுவரைக்கும் நல்லது. ஆனா இந்த ரிப்பன்? கை வீங்க வீங்க இது இறுக்கிக்கிட்டே போயிருக்கு பார். விரலுக்கு ரத்தம் சரியா இறங்கல. ஏன்யா அறுத்துவிடல?"

செபாஸ்டின் மகளின் முகத்தைப் பார்த்தான்.

"இப்பவே அறுத்து, எலும்பை நிமித்தணும். நேரம் போகப் போக இந்தக் கை உதவாமலே போயிடலாம். சிஸ்டர், கத்தரி."

கத்தரியைப் பார்த்ததும் வேளாங்கண்ணி எழும்பின எழும்பலில் தட்டு பறந்து கதவில் மோதியது. நர்ஸ் காலைப் பிடித்தாள், சவரி தோளைப் பிடித்தான். பிள்ளை மீன் மாதிரித் துள்ளினாள். முறிந்த கை மூங்கிலோடு சேர்ந்து ஆடியது.

"விடுங்க! எல்லாரும் விடுங்க!" என்று டாக்டர் கத்தினார். "அமுக்கிப் பிடிச்சா எலும்பு நரம்புல குத்திடும். என்ன இது? எதுக்கு இந்த அழிச்சாட்டியம்?"

"மங்களம் பாடல!" என்றாள் வேளாங்கண்ணி, தேம்பலுக்கு நடுவே. "யேசு எந்திரிக்கல!"

டாக்டருக்குப் புரியவில்லை. இன்னாசியம்மாள் அழுதுகொண்டே நாடகத்தையும் கட்டுப்பாட்டையும் சொன்னாள். கதவோரம் தட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஆயா நஞ்சம்மாள் நிமிர்ந்தாள்.

"பிள்ளை சொல்றது நாயந்தானுங்க. எங்கூருப் பாரதக் கூத்துலயும் அப்பிடித்தான். மங்களம் பாடாம கிரீடத்தை எறக்க மாட்டாங்க. பாடிட்டா தானாவே அவுப்பா. பாடி வுடுங்களேன், என்ன கெட்டுப்போச்சு?"

டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "பாடுங்க. சீக்கிரம் பாடுங்க. சிஸ்டர், மயக்க மருந்து தயாரா இருக்கட்டும்."

இன்னாசியம்மாள் வாயைத் திறந்தாள். "நீ பாடக்கூடாதும்மா. வேசங் கட்னவங்கதான் பாடணும்" என்றாள் மகள்.

எல்லார் கண்ணும் சவரி மேல் போனது. "நான் மயங்கி விழுந்தவன், கண்ணு. மங்களம் முடியறப்பதான் எந்திரிப்பேன். எனக்குப் பாட்டே தெரியாதே" என்று அவன் நெளிந்தான்.

மிச்சம் இருந்தது ஒரே வேஷம். செபாஸ்டின் தொண்டையைச் செருமினான். மகள் அவனைப் பார்த்துக் கூடாதென்று தலையை ஆட்டினாள். அவ்வளவு வலியிலும் அந்தத் தலையாட்டலில் ஒரு நியாயஸ்தலம் இருந்தது.

"நீயும் கூடாதுப்பா. நீ செத்துப்போயிட்ட. யூதாசு மங்களத்துக்கு வரமாட்டான்."

அந்தச் சொல் அவனுக்கு எங்கேயோ போய்க் குத்தியது. இத்தனை வருஷம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது உறைக்கவில்லை, இப்போது உறைத்தது. பிள்ளையின் நகங்களில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. அவன் மகளைக் காப்பாற்றக்கூட உள்ளே வரக்கூடாதவன்.

இன்னாசியம்மாள் கண்ணைத் துடைத்தாள். பக்கத்துக் கட்டிலில் மடித்து வைத்திருந்த வெள்ளைப் போர்வையைச் சட்டென்று எடுத்து உதறி, புருஷன் தலையிலிருந்து கால்வரை போர்த்தினாள். மஞ்சள் கச்சையை உருவி எறிந்தாள். முந்தானையால் அவன் கண் மையை அழுத்தித் துடைத்தாள்.

"அடி கண்ணி, சாமியாரு பிரசங்கத்துல சொன்னாரே, மறந்துட்டியா? யூதாசு போனப்பறம் அவன் எடத்துக்கு அப்போஸ்தலர்ங்க இன்னொருத்தரைச் சேத்துக்கிட்டாங்களே, யாரு?"

வேளாங்கண்ணி யோசித்தாள். டாக்டர் கையில் கத்தரியோடு காத்திருந்தார். வார்டே காத்திருந்தது.

"மத்தியாசு."

"அவருதான் இவரு. இப்பத்தான் வந்து சேந்துருக்காரு. அவரு பாடலாமில்ல?"

போர்வைக்குள் தெரிந்த முகத்தை அவள் நெடுநேரம் சோதித்தாள்.

"பாடலாம்" என்றாள் கடைசியில். "நான் வசனம் சொன்னப்பறம்."

படுத்தபடியே நல்ல கையைத் தூக்கினாள். கோழிச் சிறகு இரண்டு உதிர்ந்து டாக்டரின் கோட்டில் ஒட்டிக்கொண்டன.

"அவர் இங்கே இல்லை! அவர் உயிர்த்தெழுந்தார்!"

இந்தமுறை சவரி வரியைத் தவறவிடவில்லை. கட்டிலுக்குப் போதுமான தூரம் தள்ளிப்போய், சிமெண்டுத் தரையில் தடாலென்று மயங்கி விழுந்தான். அட்டைத் தொப்பி உருண்டது. "ஐயோ, இவருக்கு என்னாச்சு!" என்று நர்ஸ் ஓடிவந்தாள். "ஒண்ணும் இல்லம்மா, என் வேசந்தான்" என்றான் கண்ணை மூடியபடியே.

செபாஸ்டின் பாடினான்.

ராகம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. மேட்டில் வண்டி ஏற்றுகிற சத்தம்தான் வந்தது. ஆனால் சொல் ஒன்றுகூடத் தப்பவில்லை. திரைக்குப் பின்னால் கேட்டுக் கேட்டு உள்ளே போய்த் தங்கிவிட்ட சொற்கள்.

"கல்லறை வாசலில் காலையானார்க்கு மங்களம்,
கண்ணீர்க் குடமெல்லாம் கவிழ்த்தார்க்கு மங்களம்,
வந்தோர்க்கும் வாராதோர்க்கும் வழித்துணைக்கு மங்களம்..."

'வாராதோர்க்கும்' என்கிற இடத்தில் அவன் குரல் முறிந்தது. மறுபடி எடுத்தான். நஞ்சம்மாள் தட்டில் கரண்டியால் தாளம் போட்டாள். கை கால் கட்டோடு படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கி, தெரியாத பாட்டுக்கு 'மங்களம்' வருகிற இடத்தில் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். கடைசி மங்களத்தில் வேளாங்கண்ணியும் பாடினாள்.

பாடி முடித்ததும் அவளே கையை டாக்டர் பக்கம் நகர்த்தினாள். "இப்ப அவுத்துக்கங்க."

ரிப்பன் அறுந்தது. டாக்டர் மணிக்கட்டில் விரலை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். "வருது, லேசா" என்றார். அப்புறம் மயக்க மருந்து, ஆபரேஷன் ரூம், மூடின கதவு.

வெளியே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வெள்ளைப் போர்வை, ஒரு அட்டைத் தொப்பி, நடுவில் இன்னாசியம்மாளின் ஜெபமாலை. கதவு திறந்தபோது டாக்டர் வியர்த்திருந்தார்.

"எலும்பு உட்கார்ந்துடுச்சு. மாவுக்கட்டு போட்டாச்சு. நகத்துல சிவப்பு திரும்பியிருக்கு. ஆனா நரம்பு என்ன ஆச்சுன்னு இப்ப சொல்ல முடியாது. முழிச்சப்புறம் அவளா விரலை அசைக்கணும். சாயங்காலத்துக்குள்ள அசைச்சுட்டா எனக்கு நிம்மதி. கழுத்துல கையைத் தொங்கவிட ஒரு துணி வேணும்."

செபாஸ்டின் வார்டுத் தரையில் கிடந்த மஞ்சள் கச்சையை ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தான்.

குழந்தை நடுப்பகலில் கண் விழித்தாள். இட்லி கேட்டாள், பாதி தின்றாள், வாந்தி எடுத்தாள். "வெரலை ஆட்டு, கண்ணு" என்றால் ஆட்டவில்லை. அசையவில்லையா, அசைக்க மறுக்கிறாளா என்று தெரியவில்லை. மாவுக்கட்டின் நுனியில் ஐந்து விரலும் புதுப்புளியங்கொட்டை மாதிரிச் சும்மா கிடந்தன. செபாஸ்டின் அவற்றையே பார்த்து உட்கார்ந்திருந்தான். வெயில் ஜன்னலில் ஏறி, நின்று, இறங்கத் தொடங்கியது.

அப்போது கேட்டில் ஒரே கூச்சல். வாட்ச்மேன், "யோவ், இது ஆஸ்பத்திரியா கூத்துக் கொட்டாயா? எறங்காதீங்க, எறங்காதீங்கன்றேன்!" என்று கத்துவது கேட்டது. நஞ்சம்மாள் ஓடிவந்தாள்.

"அம்மா, ஒங்க ஊரே புளி லாரியில வந்து எறங்குது! ராசா, மந்திரி, தாடிக்காரரு எல்லாம் வராங்க!"

செபாஸ்டின் ஜன்னலுக்கு ஓடினான். பிலாத்து லாரியின் பின்பக்கப் பலகையைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார். கேரோது கிரீடத்தைத் தலையோடு அமுக்கிப் பிடித்திருந்தார். கள்ளர் இருவரும் யேசுவுக்குக் கைகொடுத்து இறக்கிவிட்டார்கள். சம்மனசு இல்லாமல் மங்களம் பாடவும் முடியாமல், பாடாமல் வேஷத்தை அவிழ்க்கவும் முடியாமல், வேர்வையும் சாயமுமாக, காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறார்கள். முன்னால் வாத்தியார் சவுரியப்பன் தாளக்கட்டையோடு வந்தார்.

வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து நின்றார்.

"செபாஸ்டினு, பிள்ளை எப்பிடி இருக்குது?"

"கட்டு போட்டாச்சுங்க. வெரலு இன்னும் அசையலீங்க."

"செறகு?"

"அவுத்தாச்சுங்க."

வாத்தியாரின் முகம் சுருங்கியது. "மங்களம் பாடாமலா?"

உள்ளேயிருந்து வேளாங்கண்ணியின் குரல் வந்தது. "பாடியாச்சுங்க வாத்தியாரே! அப்பா பாடுனாரு!"

"யூதாசா?" என்றார் பிலாத்து.

"யூதாசு இல்ல. மத்தியாசு!" என்றாள் அவள், பெரிய எரிச்சலோடு.

வாத்தியார் ஜன்னல் கம்பி வழியாகச் செபாஸ்டினைப் பார்த்தார். வெள்ளைப் போர்வை இன்னும் அவன் தோளில் கிடந்தது. இன்னாசியம்மாள் நடந்ததைச் சொல்லிமுடித்தாள். அவர் தாடையைச் சொறிந்தார்.

"நாடகம் உள்ளயே முடிஞ்சுருச்சுன்னா நாங்க எல்லாம் என்ன பண்றது? எங்க வேசத்தை யாரு அவுக்கறது?" என்றார். "எடு, செபாஸ்டினு. நீ முதல்ல எடு. நாங்க பின்பாட்டு."

"நானுங்களா? எங்குரலுதான் தகரமுன்னு..."

"தகரந்தான். காதுல கொஞ்சம் பஞ்சு வச்சுக்கறோம், எடு."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செபாஸ்டின் எடுத்தான். கல்லறை வாசலில் காலையானார்க்கு மங்களம். வெளியே பிலாத்தும் கேரோதும் கள்ளரும் யேசுவும் ஏற்றுப் பாடினார்கள். தாளக்கட்டை பேசியது. வாட்ச்மேன் தடுத்த கையை எப்போது இறக்கினான் என்று அவனுக்கே தெரியாது. இந்தமுறை 'வாராதோர்க்கும்' என்கிற இடத்தில் குரல் முறியவில்லை.

அடுத்த அடிக்கு மூச்சு வாங்கினபோது அவனுக்குப் பின்னால் ஏதோ மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினான்.

வேளாங்கண்ணி கூரையைப் பார்த்துப் படுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கச்சையில் தொங்கிய கட்டின் நுனியில், அந்தச் சின்ன விரல்கள் நெஞ்சின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. முதலில் ஆள்காட்டி விரல், அப்புறம் நடுவிரல், பிறகு சுண்டுவிரலும் பிந்திப் பிந்தி வந்து சேர்ந்துகொண்டது.

செபாஸ்டினுக்குப் பாட்டு நின்றுபோனது. நஞ்சம்மாள், "டாக்டரய்யா! டாக்டரய்யா! வெரலு தாளம் போடுதுங்க!" என்று வராந்தாவில் ஓடினாள். சவரி இந்தமுறை யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னாய்யா நின்னுடுச்சு?" என்று வெளியேயிருந்து வாத்தியார் தாளத்தை விடாமல் கத்தினார். "ஒரு அடி பாக்கி இருக்குது, செபாஸ்டினு! முடிச்சு வுடு, எங்களுக்கு வேசம் அரிக்குது!"